கொல்லைப் புல்லைக் குறித்து

அன்புள்ள கயல்,

கொல்லையில் மண்டிக் கிடக்கும் அருகம்புல்லைக் கொத்திவிட்டு, நர்சரியிலிருந்து 'பெர்முடா புல்' வாங்கி விரிக்க அப்பா நினைப்பதாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பெர்முடா புல் என்று விற்பதும் அருகுதான்; இல்லையென்றால் அதன் கலப்பினம்.

முதலில் ஒரு கொடியை இழுத்துப் பார். முழுசாக வராது. தரையோடு ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். மண்ணுக்குள்ளும் தனியே ஒரு தண்டு ஓடும். மண்வெட்டி நாலு துண்டாக்கினால் கணு உள்ள துண்டெல்லாம் தனிச்செடியாகும். உழவர் இதைக் களை என்று திட்டுவது நியாயமே. ஆனால் அதே உழவர் வரப்பில் அருகு படர்ந்தால் விட்டுவைப்பார். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்துவது அந்தக் கணுவேர்கள்தான்.

மாடு நாளெல்லாம் மேய்ந்தும் அருகு சாகாததற்குக் காரணம் உண்டு. மற்ற பல செடிகளுக்கு வளரும் இடம் நுனியில். கிள்ளினால் அந்தக் கிளை நின்றுவிடும். புல்லின் இலையோ அடியிலிருந்து வளர்கிறது. நுனியை மாடு கடித்தாலும் இயந்திரம் வெட்டினாலும் அடி மறுபடி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேய்ச்சல் நிலம் என்று ஒன்று இருப்பதே இதனால்தான்.

சித்திரை வெயிலிலும் இது தாங்குகிறதே, அதுவும் கவனிக்க வேண்டியது. கரும்பு, சோளம் போல அருகும் கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் திரட்டி வைத்துச் சர்க்கரை சமைக்கும். அதனால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை. நீர் வீணாவது குறையும். நெல்லுக்கு இந்த வசதி கிடையாது. நிழல் மட்டும் அருகுக்கு ஆகாது. உங்கள் மாமரத்தடி மொட்டையாகக் கிடப்பது அதனால்தான். அங்கே எந்தப் பெர்முடாவை விரித்தாலும் காசு வீண்.

இனி, யார் யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்று பார். வெட்டாமல் விட்டால் விரல்களை விரித்தாற்போல மூன்று முதல் ஆறு கதிர்கள் எழும். பூவில் நிறமும் இல்லை, தேனும் இல்லை. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். பிறகு வரும் பொடி விதையைச் சில்லைக் குருவிகள் தேடி வரும். அந்தி நேரத்தில் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு புல்லிலைகளைத் தின்றே வளர்கிறது. வெட்டுக்கிளி புல்லைத் தின்ன, அதைப் பிடிக்க மைனாவும் கரிச்சானும் வரும். மேயும் மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு நடப்பதும் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிக்காகத்தான்.

வாரந்தோறும் ஒட்ட வெட்டும் புல்தரையில் கதிருக்கு இடமேது? மைதானங்களில் போடும் 'டிஃப்வே' என்ற கலப்பினம் விட்டுவைத்தாலும் விதை வைக்காது. அருகுக்கும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தம் ஒன்றுக்கும் பிறந்த மலட்டுப் புல் அது. பந்து உருள நல்லது. குருவிக்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவே அப்பாவிடம் சொல்: காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நடக்கும் இடத்தில் வெட்டிக்கொள்ளட்டும். வேலியோரம் ஓரடி அகலத்தைக் கதிர் முற்றும்வரை தொடாமல் விடட்டும். காலையில் அங்கே என்னென்ன வருகிறது என்று நீ குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை