தட்டில் செத்த செல்லும் உடம்பில் உள்ள நோயும்

"இந்த எண்ணெய் புற்றுநோயை அழிக்குதுன்னு ஆராய்ச்சியிலயே கண்டுபிடிச்சிட்டாங்களாம்" என்று குழுக் கூட்டங்களில் பேச்சு வருகிறது. அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று இந்த மாதம் பார்ப்போம்.

சோதனை நடக்கும் விதம்

கட்டியிலிருந்து எடுத்த புற்றுநோய் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற தாயின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றும் வளர்கின்றன.

96 குழிகள் உள்ள சிறிய பிளாஸ்டிக் தட்டில் செல்களைப் போட்டு, மூலிகைச் சாற்றை வெவ்வேறு அளவில் சேர்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சில குழிகளில் சாறு சேர்ப்பதில்லை. ஓரிரு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறைந்தால், செல் செத்திருக்கிறது என்று பொருள்.

அப்போ மருந்து கிடைச்சிருச்சா?

இல்லை. பினாயில் ஊற்றினாலும் தட்டில் உள்ள செல் சாகும்! நல்ல செல்லைச் சாகடிக்காமல் விடுமா? குடித்தால் கட்டி வரை போய்ச் சேருமா? எந்த அளவு ஆபத்து? இதையெல்லாம் விலங்குகளிடமும், பிறகு மனிதர்களிடமும் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான சாறுகள் இந்தப் படிகளைத் தாண்டுவதில்லை.

தாண்டிய ஒரு செடி

சுடுகாட்டு மல்லி என்கிற நித்தியகல்யாணி நமக்குத் தெரிந்த செடிதான். இது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்து 1958-ல் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஊசியாகப் போடப்படுகிறது.

அதற்காக இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? கூடாது. ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் மருந்தின் அளவு தெரியாது, இலையில் உள்ள மற்ற நச்சும் உள்ளே போகும்.

நாம் செய்ய வேண்டியது

* எண்ணெயை நம்பி சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தள்ளிப் போகும் ஒவ்வொரு மாதமும் நோய் வளரும்.
* மூலிகை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.
* 30 வயது தாண்டியவர்கள் அரசு மருத்துவமனையில் மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள்.

கூட்டத்தில் பேச

1. "ஆராய்ச்சியில் நிரூபித்தது" என்று ஒருவர் எண்ணெய் விற்க வந்தால், என்ன கேள்வி கேட்பீர்கள்?
2. அதை வாங்க ஒரு உறுப்பினர் குழுக் கடன் கேட்டால், அவருக்கு என்ன சொல்வீர்கள்?
3. நம் குழுவில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்?