காப்பிலி என்ற சொல்லும் பிலாலின் தாயும்

கல்முனை

அன்பின் மகள்,

புத்தளத்து வகுப்பறையிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி மூன்று நாளாய் என்னை விடவில்லை. சுருட்டை முடிப் பிள்ளையொன்றை மற்றவர்கள் 'காப்பிலி' என்கிறார்கள், பகிடிதானே, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடக் கூடாது.

அந்தப் பிள்ளையின் சமூகமான, புத்தளம் சிராம்பியடி ஆபிரிக்க வம்சாவளியினரைப் பற்றி உனக்கே தெரியும். ஆபிரிக்கர் இலங்கைக்கு முதலில் வந்தது போர்த்துக்கேயரோடுதான் என்ற எண்ணத்தை மட்டும் திருத்திக்கொள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார்.

சொல்லுக்கு வருகிறேன், இதில் எனக்குப் பொறுமை குறைவு. நம் வாயில் புழங்கும் 'காபிர்' என்ற அறபுச் சொல்தான் இதற்கு வேர். ஆபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதோரை அறபு வணிகர் அப்படி அழைத்தனர். போர்த்துக்கேயர் வாயில் அது 'கஃப்ரே' ஆனது. நம் கரையில் காப்பிரி, காப்பிலி ஆனது. சிராம்பியடியார் தம்மைத் தாமே காப்பிரி என்பது அவர்கள் உரிமை. தென்னாபிரிக்காவிலோ அதே வேரில் வந்த சொல் கொடிய வசை.

நபிகளாரின் கறுப்பினத் தோழர் பிலால் ரலியல்லாஹு அன்ஹு பாங்கு சொன்ன சிறப்பை மீலாத் மேடைகளில் முழங்குகிறோம். இன்னொரு தோழரான அபூதரின் கதையை ஏன் விட்டுவிடுகிறோம்? அவர் ஒருவரைத் தாயைச் சொல்லி ஏசியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபிகளார் கடிந்தது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உண்டு. ஏச்சு வாங்கியவர் பிலால் என்றும், 'கறுப்பியின் மகனே' என்பதே அந்த ஏச்சு என்றும் விரிவுரையாளர் சொல்வர். மகனை ஏசினாலும் இழிவு தாயைத்தான் போய்ச் சேர்கிறது. உன் வகுப்புப் பிள்ளையின் தாய் பாடசாலைப் படலையோடு திரும்பிவிடுகிறார் என்றும் எழுதியிருந்தாயே, காரணம் இப்போது விளங்குகிறதா?

இடாப்பில் உள்ள பெயரால் பிள்ளையைக் கூப்பிடு. வகுப்பும் அப்படியே கூப்பிடப் பழகும். விழா வந்தால் மட்டும் அவர்களின் மரபுப் பாட்டான மஞ்ஞாவைப் பாட அந்தக் குடும்பத்தைத் தேடாதே. பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கும் அந்தத் தாயை அழை. கதிரை கொடுத்து, பிள்ளை சரியாகச் செய்த கணக்கை முதலில் காட்டு. குறைகளைப் பிறகு பேசலாம். வரலாற்றுப் பாடத்தில் அந்த 500 பேரையும் மறவாதே.

என் முதல் வகுப்பிலும் கறுத்த பையன் ஒருவன் இருந்தான். எல்லோரும் பட்டப்பெயரால் கூப்பிடுகிறார்களே என்று நானும் ஒருநாள் அப்படியே கூப்பிட்டேன். அவன் எழுந்து நின்று "ஓம் சேர்" என்றான். அந்தப் பணிவு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

வஸ்ஸலாம்.
உன் சேர்