ஊழியர் ஈடுபாட்டுக் கணக்கும் வெளி அளவுகோலும்

பெரிய ஜவுளிக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் ஒரு வழக்கம் பரவி வருகிறது. ஊழியர்களிடம் அச்சிட்ட தாளிலோ செல்போனிலோ பத்து இருபது கேள்விகளைக் கொடுத்து, வேலையில் அவர்களுக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். 'எம்ப்ளாயி என்கேஜ்மெண்ட் சர்வே' என்று இதற்குப் பெயர். நாம் ஈடுபாட்டுக் கணக்கெடுப்பு என்று சொல்லலாம். நடத்திக் கொடுக்க ஆலோசகர்கள் வருகிறார்கள். முடிவில் வண்ணப்படங்களோடு ஓர் அறிக்கை கைக்கு வருகிறது. "உங்கள் கடையில் நூற்றுக்கு 68 பேர் ஈடுபாட்டோடு இருக்கிறார்கள். உலக சராசரி 21தான்" என்று அதில் எழுதியிருப்பதாக வைத்துக் கொள்வோம். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த 21 என்ற எண் பொய்யல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2024ஆம் ஆண்டு நிலவரமாக உலகம் முழுவதற்கும் வெளியிட்ட எண் அது. ஆனாலும் இந்த ஒப்பீடு செல்லாது. இதை நம்பி "நம் கடையில் ஒரு குறையும் இல்லை" என்று முதலாளி இருந்துவிட்டால், பொங்கல் கழிந்ததும் பழகிய விற்பனையாளர் நாலு பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்று ஒரு புது ஆள் படிப்பதற்கே மாதக் கணக்கில் ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஏன் செல்லாது என்பதை நம் தொழிலை வைத்தே சொல்கிறேன். பருப்பு மூட்டை என்ன விலை என்று யாராவது கேட்டால், நாம் உடனே திருப்பிக் கேட்பது "எத்தனை கிலோ மூட்டை?" என்பதுதான். 100 கிலோவும் மூட்டைதான், 50 கிலோவும் மூட்டைதான், 30 கிலோவும் மூட்டைதான். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்க்கிறவர் எடையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பாரா? ஈடுபாடு என்ற சொல்லும் இந்த மூட்டை போலத்தான். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எடையில் கட்டுகிறது.

ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு கணக்குகளைப் பாருங்கள். 2024இல் அமெரிக்க ஊழியர்களில் ஈடுபாடு உள்ளவர்கள் நூற்றுக்கு 31 பேர் என்று காலப் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஈடுபாட்டுக் குறியீடு 73 என்று வந்தது. அரசு ஊழியர் எல்லாரும் இரு மடங்கு உற்சாகமாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருளா? இல்லை. காலப் 12 கேள்விகள் கேட்டு, ஒட்டுமொத்த விடைகளைக் கொண்டு ஒவ்வோர் ஆளையும் 'ஈடுபாடு உள்ளவர்', 'இல்லாதவர்', 'வெறுத்துப் போனவர்' என்று மூன்று கூடைகளில் போடுகிறது. முதல் கூடையில் விழுவது கடினம். அரசுக் கணக்கோ 15 கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' பக்கம் சாய்ந்தவர்களின் சதவீதத்தை எடுத்துச் சராசரி போடுகிறது. 'ஓரளவு ஆம்' என்று சொன்னவரும் அதில் சேர்ந்துவிடுவார். முதலாவது தேறிய மணியை மட்டும் எண்ணுவது. இரண்டாவது சல்லடையில் நின்றதையெல்லாம் எண்ணுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது. நம் ஆலோசகர் தந்த 68 எந்த முறையில் வந்தது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பேன்.

அப்படியானால் வெளி அளவுகோலே வேண்டாம், நம் கடைக் கணக்கே போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. வெளி அளவு இல்லாமல் நம் எண்ணுக்குப் பொருளே விளங்காத இடங்கள் உண்டு. இதற்கு இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை நல்ல உதாரணம். என்.எச்.எஸ். என்று சொல்லப்படும் அந்தத் துறை 2003ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் தன் ஊழியர்களிடம் கணக்கெடுப்பு நடத்தி, முடிவுகளை ஊரறிய வெளியிடுகிறது. 2022இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடை எழுதினார்கள். அவர்களில் சம்பளம் திருப்தி என்றவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர். "என் பொறுப்புகள் என்ன என்பது எனக்கு எப்போதும் தெரியும்" என்றவர்கள் 85க்கும் மேல். ஆட்கள் அதே ஆட்கள், தாளும் அதே தாள்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. சில கேள்விகளுக்கு எங்கே கேட்டாலும் எண் குறைவாகத்தான் வரும்; சிலவற்றுக்கு எங்கே கேட்டாலும் கூடுதலாக வரும். சம்பளம் முதல் வகை. வேலை என்ன என்று தெரியுமா என்பது இரண்டாம் வகை. ஒரு கடையில் சம்பளக் கேள்விக்கு 40, வேலைப் பொறுப்புக் கேள்விக்கு 70 என்று வந்தால், முதலாளியின் கண் 40இல்தான் போய் நிற்கும். சம்பளத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவார். வெளி அளவு தெரிந்தவர் 70ஐப் பார்த்துத்தான் திடுக்கிடுவார். நூற்றுக்கு முப்பது பேருக்குத் தன் வேலை எது என்றே தெளிவில்லை என்றால், அந்தக் கடையில் அண்ணன் ஒன்று சொல்கிறார், தம்பி வேறொன்று சொல்கிறார் என்று பொருள். பெட்டியடியில் இரண்டு பேர் உட்காரும் கடைகளில் இது சர்வ சாதாரணம்.

இன்னொரு பயனும் உண்டு. அதே இங்கிலாந்துக் கணக்கில் சம்பளத் திருப்தி 2021இல் ஏறக்குறைய 33 ஆக இருந்து, விலைவாசி ஏறிய 2022இல் 26க்கு இறங்கியது. ஒரு மருத்துவமனையில் மட்டும் 4 புள்ளி இறங்கியிருந்தால், தனியாகப் பார்க்கிறவர் "நிர்வாகம் கெட்டுவிட்டது" என்பார். நாட்டு நிலவரத்தோடு வைத்துப் பார்த்தால் அந்த மருத்துவமனை மற்றவர்களைவிடத் தாங்கி நின்றது என்று தெரியும். மழை பெய்து பஜார் முழுவதும் விற்பனை படுத்த நாளில் நம் கடைச் சிட்டையை மட்டும் பார்த்து விற்பனையாளரை ஏசுவதில்லை அல்லவா?

அங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்று, ஒப்பிடும் முறை. ஆம்புலன்ஸ் நிர்வாகங்களை ஆம்புலன்ஸ் நிர்வாகங்களோடும், மனநல மருத்துவமனைகளை அதே வகை மருத்துவமனைகளோடும்தான் சேர்த்து வைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வேலையில் ஈடுபாட்டு எண் எப்போதும் மற்ற வகைகளைவிடக் குறைந்தே வருகிறது. இரவு பகல் பாராத வேலை. அதைச் சாதாரண மருத்துவமனையோடு ஒப்பிட்டால் அந்த ஆட்களுக்கு அநியாயம். அதுபோல, குடோனில் மூட்டை இறக்குகிறவரின் விடையை ஏ.சி. அறையில் கணிப்பொறி முன் உட்காருகிறவரின் சராசரியோடு ஒப்பிடுவது தகாது. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக் கடைப் பெண்களுக்கும் அப்படியே. 2021இல்தான் நம் தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்திருத்தம் வந்தது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. உட்கார வசதி இருக்கிறதா என்ற கேள்வி எந்த வெளிநாட்டு ஆலோசகரின் தாளிலும் நான் பார்த்ததில்லை. நம் கடைகளுக்கு அதுதான் முதல் கேள்வி.

இனி நம்மைப் போன்ற நடுத்தர வியாபாரிகளின் நிலைக்கு வருவோம். இங்கே இரண்டு பெரிய தடைகள் இருக்கின்றன.

முதலாவது பயம். வெளியே வருகிற எண்கள் பெயர் எழுதாத தாள்களிலிருந்து வருகின்றன. நம் கடையில் கேட்பவர் முதலாளியின் மகன். பதில் சொல்பவர் கைகட்டி நிற்கிறார். "நல்லாத்தான் இருக்கோம் தம்பி, என்ன குறை?" என்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரும். அந்த எண்ணுக்கும் அவர் மனதுக்கும் சம்பந்தமே இருக்காது. பெயர் இல்லாமல் எழுதச் சொன்னாலும் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிற அளவில்தான் நம் கடைகள் இருக்கின்றன. மேலை நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளில், விடை எழுதியவர் பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டுவதில்லை என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சின்ன எண்ணிக்கை. ஒன்பது பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் மனம் மாறினால் 11 சதவீதம் மாறிவிடும். போன வருடம் 67, இந்த வருடம் 78 என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. மாறியது ஒரே ஆள். நூறு பேர் இருந்தாலுங்கூட, பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்ற கணக்கில் பார்த்தால், பத்துப் புள்ளி இப்படி அப்படி இருக்கலாம் என்கிறது புள்ளிவிவர சாஸ்திரம். சதவீதம் என்று எழுதிய உடனே எண்ணுக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பத்துப் பேர் கடையில் "ஒன்பதில் ஆறு பேர்" என்று எழுதுவதே யோக்கியம்.

இந்த இரண்டு தடைகளுக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கிறது. அது சங்கத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் சில 1971இல் மேஃபிளவர் குழு என்று ஒன்றை ஏற்படுத்தின. தொழிலில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களும் போட்டியாளர்களுமாகப் பலர் சேர்ந்து, ஒரே வார்த்தைகளில் அமைந்த கேள்விகளைத் தங்கள் ஊழியர்களிடம் கேட்டு, விடைகளைப் பொதுவில் போட்டு, தங்களுக்கென்று ஓர் அளவுகோலை உண்டாக்கிக் கொண்டார்கள். நம் பஜாரில் மளிகை மொத்த வியாபாரிகள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், கடைக்கு ஒன்பது பேர் வீதம் 108 ஊழியர். ஒருவர் மனம் மாறினால் மொத்தத்தில் ஒரு சதவீதங்கூட மாறாது. மளிகையோடு மளிகை, குடோனோடு குடோன். நிலவரமும் ஒரே ஊர் நிலவரம்.

கேள்விகள் ஐந்தாறு போதும். உட்கார இடம், தண்ணீர், கழிப்பிட வசதி இருக்கிறதா? இன்றைய வேலை என்ன என்று காலையிலேயே தெளிவாகத் தெரிகிறதா? தவறு நேர்ந்தால் வாடிக்கையாளர் முன் ஏசுகிறார்களா? சொன்ன தேதியில் சம்பளம் வருகிறதா? அவசரத்துக்கு லீவு கேட்டால் கிடைக்கிறதா? அடுத்த வருடமும் இதே கடையில் இருக்க விருப்பமா? விடைக்கு எழுத வேண்டாம். ஆம், இல்லை, பாதி என்று அச்சிட்ட கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். கையெழுத்துத் தொல்லை இல்லை. வார்த்தைகளை ஒரு கடை கூட மாற்றக் கூடாது. "ஏசுகிறார்களா" என்பதை "அறிவுரை சொல்கிறார்களா" என்று ஒருவர் மாற்றினால் முழுக் கணக்கும் கெட்டது.

கடைக்குக் கடை தாளின் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் கடைக்கென்று ஓர் எண் பின்பக்கம் இருக்கட்டும். பெட்டியைச் சங்க அலுவலகத்தில் முதலாளிகள் இல்லாமல் திறக்க வேண்டும். பஜார் மொத்தம் எல்லாருக்கும் தெரியட்டும். பத்துத் தாளுக்கு மேல் வந்த கடைகளுக்கு மட்டும் அவரவர் எண்ணை மூடிய உறையில் கொடுக்கலாம். மற்றவர்கள் பஜார் மொத்தத்தோடு தங்கள் கடையில் நேரில் கண்டதை ஒட்டிப் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். கூடவே, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்பதையும் ஒவ்வொரு கடையும் சம்பளப் பதிவேட்டிலிருந்து எழுதித் தர வேண்டும். தாளில் எல்லாம் 'ஆம்' என்று வந்து, பதிவேட்டில் பாதிப் பேர் மாறியிருந்தால் தாளை நம்ப வேண்டாம், பதிவேட்டை நம்புங்கள்.

காலமும் முக்கியம். தீபாவளி போனஸ் கையில் வாங்கிய வாரத்தில் கேட்டால் ஒரு விடை, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கால் கடுத்து நிற்கும்போது கேட்டால் வேறு விடை. மாசி மாதம் ஓரளவு அமைதியானது. பன்னிரண்டு கடைகளும் ஒரே வாரத்தில் கேட்டு, மறு வருடமும் அதே வாரத்தில் கேட்க வேண்டும்.