கல்லாப்பெட்டிக்கு அடியில் சங்கு முத்திரைக் காசு

பழைய கடையை இடித்துக் கட்டும்போது கல்லாப்பெட்டியின் அடித்தட்டிலோ, பரணில் கிடக்கும் செம்புக்குள்ளோ கொஞ்சம் வெள்ளிக்காசு அகப்படுவது நம் மாவட்டத்து வியாபாரிகளுக்குப் புதிதல்ல. உடனே நகைக்கடைத் தராசில் போட்டு, வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். உருக்கிய பிறகு எந்தக் காசையும் படிக்க முடியாது. ஆகவே கொடுக்குமுன் அதைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

நாஞ்சில் நாடு 1949 வரை திருவிதாங்கூரிலும், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. எட்டுக் காசுதானே என்று எண்ண வேண்டாம். திருநெல்வேலிச் சரக்குக்கு 100 பிரிட்டிஷ் ரூபாய் கட்ட வேண்டிய கோட்டாற்று வியாபாரி, 101 ரூபாயும் 22 சக்கரமும் எண்ணி வைக்க வேண்டும். எந்த ரூபாய் என்று ஏட்டில் குறிக்காவிட்டால் கணக்கு உதைக்கும்.

வெள்ளிச் சக்கரம் மிளகு போல் சிறியது. அரை கிராம்கூட எடை வராது. அதைக் கையால் எண்ணி மாளாது. அதற்கென்றே வரிசையாகக் குழி வைத்த சக்கரப்பலகை உண்டு. ஒரு பிடி சக்கரத்தை அதில் போட்டு லேசாக அசைத்தால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தைக் கையால் தள்ளிவிட்டால் தொகை சரி. எங்கள் பழைய கடையிலும் ஒன்று இருந்தது. இன்னதென்று தெரியாமல் நாங்களே அதை அடுப்பில் வைத்தோம். அந்த வருத்தம்தான் இதை எழுத வைத்தது.

சங்கு திருவிதாங்கூர்க் காசின் அடையாளம்; ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்தது எழுத்து. ‘ஆர்.வி.’ என்பது ராம வர்மா. ஆனால் ஆயில்யம் திருநாள் (1860–80), விசாகம் திருநாள் (1880–85), மூலம் திருநாள் (1885–1924) மூவரும் ராம வர்மாவே! எழுத்தை மட்டும் வைத்து மன்னரைச் சொல்ல முடியாது. ஆண்டைப் பார்க்க வேண்டும். ‘பி.ஆர்.வி.’ என்றால் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பால ராம வர்மா. அரை ரூபாய்க்கு ‘சித்திரா ரூபாய்’ என்று அவர் பெயரே வந்தது. காசில் 1116 என்றிருந்தால் மலைக்க வேண்டாம்; அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1941. ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையே அடித்ததென்றால் ஒன்று குறையும்.

ஒரே காசு, ஆண்டு மாறினால் மதிப்பும் மாறும். போலந்து நாட்டில் மூன்றாம் சிகிஸ்முண்ட் மன்னர் (1587–1632) வெளியிட்ட மூன்று குரோஷ் வெள்ளிக்காசைப் பல ஊர் அக்கசாலைகள் அடித்தன. எந்த ஊர், எந்த ஆண்டு, எழுத்தில் என்ன மாற்றம் என்று பிரித்துச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிரிட்டிஷ் ரூபாயே போதும். 1939 வரை அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான், 1947-ல் நிக்கல். தராசில் எடை மாறாது, உள்ளே வெள்ளிதான் குறைவு. 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே போலியும் நடமாடுகிறது.

புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கவே கூடாது. பளபளப்பு வரும், விலை போகும். கறுப்பு அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்லாப்பெட்டியில் கிடைத்தது உங்கள் தாத்தாவுடையது.