மகனுக்கு மோசூலைக் காட்டுங்கள்

ஐ.எஸ். அமைப்பினர் குர்ஆன் வசனங்களைச் சொல்லித்தானே கொன்றார்கள்? பிறகு எப்படி இஸ்லாத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள்? பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் கேட்கிறான். என்ன சொல்ல? – ஒரு வாசகி, வேலூர்

சம்பந்தமே இல்லை என்று மழுப்பாதீர்கள் அம்மா, பையன் நம்பமாட்டான். அவர்கள் வசனங்களை எடுத்தது உண்மைதான். ஆனால் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, தங்களுக்குத் தோதானதை மட்டும் எடுத்தார்கள். 2014 செப்டம்பரில் எகிப்தின் தலைமை முஃப்தி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் ஐ.எஸ். தலைவர் பாக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அவர் செய்வதை மார்க்க ஆதாரங்களோடு ஒவ்வொன்றாக மறுத்தார்கள்.

ஈராக்கின் மோசூல் நகரில் நடந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். 2014 ஜூலையில் அங்குள்ள அல்-நூரி பள்ளிவாசலின் மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஏறித்தான் பாக்தாதி கலீஃபாவாகக் காட்சி தந்தார். அதே மாதம் அவருடைய ஆட்கள் யூனுஸ் நபியின் அடக்கத்தலமாகக் கருதப்பட்ட இடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். குர்ஆனில் அந்த நபியின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது! 2017 ஜூனில் ஈராக் ராணுவம் நெருங்கியதும் அல்-நூரி பள்ளிவாசலுக்கும் வெடிவைத்தார்கள். எண்ணூறு ஆண்டுப் பழமையான சாய்ந்த மினாரா சரிந்து விழுந்தது. அப்போது ரமலான் மாதம். உயிரையும் வீட்டையும் இழந்த மோசூல்வாசிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

அவர்களை இயக்கியது மதம் மட்டுமல்ல. ஐ.எஸ். அமைப்பின் தளபதிகளில் பலர் சதாம் உசேனின் பழைய அதிகாரிகள். 2003இல் அமெரிக்கா கலைத்த படையிலிருந்து வந்தவர்கள். பதவி இழந்த ஆத்திரத்துக்கு மதம் கொடியானது.

இன்னொன்று. வகுப்பில் முஸ்லிம் நண்பன் இருந்தால், அவனிடம் போய் இதற்கு விளக்கம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மோசூலுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்தப் பையனுக்கு இல்லை.