“பொறுத்துப்போ” என்று சொல்லாதே

அன்புள்ள மகள்,

கோயில் தொண்டர் சபையில் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய்.

கொழும்புப் புறக்கோட்டையில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களும் இரண்டாம் குறுக்குத் தெருச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலும் கிட்டக் கிட்டத்தான். கொஞ்சம் தள்ளிக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் அங்கே போகிறார்கள். பொலிசுக்குப் போகக் கூசுகிற பெண்ணும் இந்த வாசல்களுக்கு வருவாள். வாய் திறந்து சொன்னால், “பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போ” என்ற பதில்தான் பல வேளைகளில் கிடைக்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னாலும், அந்தச் சொல் அவளை அடிக்கிற கையிடமே திருப்பி அனுப்புகிறது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். உன் கோயில் பூசையிலும் அவர்கள் நிற்கிறார்கள்.

மதத்தைக் காட்டி அவளைக் கட்டிப்போட முடியாது. கடும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவு இடம் தருகிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ், கொடுமை செய்யும் கணவனிடமிருந்து மனைவி ‘பஸஹ்’ என்னும் விவாகரத்துக் கேட்கலாம். எறும்புக்கும் இரங்கச் சொல்லும் சைவம், மனைவிமேல் கை ஓங்குவதை எப்படி ஏற்கும்?

ஆகவே, அவளைத் தனியாக இருத்திக் கேள், சொல்வதை நம்பு. புருஷனையும் கூப்பிட்டுச் சமரசம் பேசாதே. அவன் முன்னால் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் அவளுக்கு அடி விழலாம். இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று முதலில் விசாரி. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. பல ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. வீட்டு வன்முறையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி, அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸ் அதிகாரியும் கேட்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை. பிறகு 12 மாதம் வரையான கட்டளை. போவதா இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மன்னிப்பதும் அவள் விருப்பம். அதை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை.

அடிக்கிறவன் உபயகாரனாகவோ தர்மகர்த்தாவாகவோ இருக்கலாம். அப்போதுதான் சபையின் நேர்மை தெரியும். அவன் தரும் பணத்துக்காக வாய் மூடி இருந்தால், அடிக்கு நாங்களும் உடந்தை.

அடுத்த கூட்டத்திலேயே இரண்டு காரியம் கேள்: அறிவித்தல் பலகையில் 1938 என்ற இலக்கம் எழுதப்பட வேண்டும், மனைவியை அடிப்பது பாவம் என்று பிரசங்கத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியம்மா