தவறு நேர்ந்த வேளையில் எழும் முதல் கேள்வி

நீண்டகால நோயுடன் வாழும் ஒருவர் இருக்கும் வீட்டில் எல்லா நாள்களும் ஒரே சீராகச் செல்வதில்லை. ஒரு நாள் இன்சுலின் போட்டுக்கொண்டவர் உணவு உண்ண மறந்துவிடுகிறார். ஒரு நாள் இரவு மாத்திரை விடுபட்டுப் போகிறது. ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்குகிறது. இத்தகைய நிகழ்வுகளை முற்றிலும் தவிர்ப்பது எவராலும் இயலாது. ஆனால், அவை நேர்ந்த பின் வீட்டில் எழும் முதல் கேள்வி எதுவாக இருக்க வேண்டும் என்பது நம் கையில் உள்ளது. "இது யார் செய்த தவறு?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று வேறு சில வீடுகளில் கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளின் விளைவும் நோயாளியின் உடல்நிலையில் வெளிப்படுவதை மருத்துவர்களாகிய நாங்கள் புறநோயாளர் பிரிவில் தொடர்ந்து காண்கிறோம்.

வீட்டிலும் ஒரு தலைமை உண்டு

தலைமை என்னும் சொல்லைக் கேட்டதும் நிறுவனங்களும் அலுவலகங்களும் நினைவுக்கு வரக்கூடும். நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைமை உண்டு. மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துபவர், அடுத்த பரிசோதனை நாளை நினைவில் வைத்திருப்பவர், மருத்துவர் கூறியதைப் பிறருக்கு எடுத்துச் சொல்பவர் எவரோ, அவரே அந்தப் பராமரிப்பின் தலைவர். அவர் மனைவியாக இருக்கலாம். மூத்த மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம். சில வீடுகளில் கல்லூரியில் படிக்கும் பேத்தியாகவும் இருக்கலாம். எதிர்பாராத ஒன்று நேரும்போது மற்றவர்கள் அவருடைய முகத்தையே பார்க்கிறார்கள். அவர் பதறினால் வீடே பதறுகிறது. அவர் நிதானித்தால் மற்றவர்களும் தெளிவடைகிறார்கள்.

சிகாகோ, 1982

மருந்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்று நிகழ்வு இதற்கு நல்ல பாடமாக அமைகிறது. 1982ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் அதன் புறநகர்ப் பகுதிகளிலும் சில நாள்களுக்குள் ஏழு பேர் உயிரிழந்தனர். சிறு தொல்லைகளுக்காக 'டைலெனால்' என்னும் கேப்சூலை அவர்கள் விழுங்கியிருந்தனர். நாம் பாரசிட்டமால் என்று அறிந்திருக்கும் மருந்தே அதில் இருப்பது. அந்தக் கேப்சூல்கள் சிலவற்றில் யாரோ சயனைடு நஞ்சை நிரப்பியிருந்தனர்.

இறந்தவர்களுள் மூவர் ஒரே குடும்பத்தினர். முதலில் ஒருவர் இறந்தார். துக்கத்திற்காகக் கூடியிருந்த வீட்டில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் அதே குப்பியிலிருந்து மருந்தை எடுத்து விழுங்கி, மயங்கி விழுந்தனர். அவ்வீட்டைப் பார்வையிடச் சென்ற பொதுச் சுகாதாரச் செவிலியர் ஹெலன் ஜென்சன், குப்பியில் எஞ்சியிருந்த கேப்சூல்களை எண்ணிப் பார்த்தார். ஆறு குறைந்திருந்தன, பாதிக்கப்பட்டவர்கள் மூவர். மரணங்களுக்கு மருந்தே காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தை அந்த எளிய கணக்கு எழுப்பியது. அழுகையும் அச்சமும் நிறைந்த ஒரு வீட்டில் ஒருவர் நிதானமாக நின்று எண்ணிப் பார்த்ததன் பயன் அது.

மருந்து, ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பர்க். நஞ்சு ஆலையில் கலக்கப்படவில்லை என்றும், குப்பிகள் கடைகளுக்குச் சென்ற பின்னரே யாரோ அவற்றைத் திறந்து நஞ்சை நிரப்பியுள்ளனர் என்றும் விசாரணையாளர்கள் முடிவுக்கு வந்தனர். "தவறு எங்களுடையதன்று" என்று கூறி நிறுவனம் ஒதுங்கியிருக்க இயலும். அது அவ்வாறு செய்யவில்லை. விளம்பரங்களை நிறுத்தியது, பொதுமக்களையும் மருத்துவர்களையும் எச்சரித்தது, அக்டோபர் தொடக்கத்தில் நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல்.

அடுத்து நிகழ்ந்ததே நம் கவனத்திற்கு உரியது. அதே ஆண்டு நவம்பரில் அம்மருந்து புதிய பொதிவில் வெளிவந்தது. ஒட்டப்பட்ட அட்டைப்பெட்டி, குப்பியின் கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, வாயை மூடிய மெல்லிய தகடு என அதில் மூன்று தடைகள் இருந்தன. யாரேனும் திறந்திருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அமெரிக்க அரசும் இத்தகைய பொதிவைக் கட்டாயமாக்கும் விதிகளை அம்மாதமே வெளியிட்டது. 1986இல் நியூயார்க் மாநிலத்தில் மீண்டும் ஒரு பெண் அதே வகை நஞ்சால் இறந்தபோது, மருந்துச் சீட்டின்றி விற்கப்படும் கேப்சூல் வடிவத்தையே நிறுவனம் கைவிட்டது.

கொலையாளி யார் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. ஆயினும், மூடியைத் திறந்ததும் உள்ளே தென்படும் தகட்டு முத்திரை போன்ற காப்புகள் மருந்துக் குப்பிகளில் பரவியதில் அந்த நிகழ்வுக்குப் பெரும் பங்கு உண்டு. யார் செய்தார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காத நிலையிலும், மீண்டும் நிகழாமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண முடிந்தது. நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுவே.

மறைத்தலின் விலை

கடிந்துகொள்ளும் வீட்டில் தவறுகள் குறைவதில்லை. அவை வெளியே தெரியாமல் போகின்றன. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறும் முதியவர் ஒருவர் மாத்திரையை மறந்துவிட்டதாகக் கூறும்போதெல்லாம் திட்டு வாங்குகிறார் என்று கொள்வோம். சில வாரங்களில் அவர் கூறுவதை நிறுத்திக்கொள்வார். "மாத்திரை போட்டீர்களா, அப்பா?" என்று வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் கேட்டால், "போட்டேன்" என்பார். வீட்டுக் குறிப்பேட்டிலும் நல்ல எண்களே இடம்பெறும்.

மருத்துவமனைக்கு வரும்போது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வேறொன்றைச் சொல்லும். மருந்து போதவில்லை என்று கருதி நாங்கள் அளவைக் கூட்டுகிறோம். அடுத்த வாரம் உறவினர் ஒருவர் வந்து தங்குகிறார். மாத்திரைகளை வேளை தவறாமல் கையில் எடுத்துத் தருகிறார். கூட்டப்பட்ட அளவு முழுவதும் உடலுக்குள் செல்கிறது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளில் இதே நிலை ஏற்பட்டால் உள்ளுறுப்புகளில் இரத்தக்கசிவு உண்டாகலாம். அங்கே உயிருக்கு ஊறு விளைவிப்பது, விடுபட்ட மாத்திரை குறித்து எவரும் சொல்லத் துணியாத சூழ்நிலையாகும்.

ஆகவே, தவறவிட்டதை ஒருவர் தாமாகச் சொல்லும்போது குடும்பத் தலைமை கூற வேண்டிய முதல் சொல், "சொன்னது நல்லதாயிற்று" என்பதே. இது வெறும் பண்பாட்டு மரியாதை அன்று, மருத்துவத் தேவை.

நான்கு படிகள்

எதிர்பாராத நிகழ்வு எதுவாயினும் பின்வரும் வரிசையில் செயல்படுமாறு பரிந்துரைக்கிறோம்.

*முதலாவது, நோயாளியைப் பாதுகாத்தல்.* காரணத்தை ஆராய்வது பிறகு. இன்சுலின் போட்டுக்கொண்டவர் வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். ஏறவில்லை எனில் மீண்டும் கொடுக்க வேண்டும். கருவி கைவசம் இல்லையெனில் அதற்காகக் காத்திராமல் சர்க்கரையைக் கொடுத்துவிடலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை தாழ்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து மீண்டும் தாழக்கூடும். எனவே தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வருதல் வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் நடந்தாலும் உடனே வர வேண்டும்.

*இரண்டாவது, நடந்ததைக் குறித்தல்.* நேரம், கடைசியாக உண்டது, கடைசியாக எடுத்த மருந்தும் அதன் அளவும், கருவி காட்டிய எண் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். அட்டையையும் குப்பியையும் உடன் எடுத்து வாருங்கள். சிகாகோவில் அந்தச் செவிலியர் செய்ததும் இதுவே. "யாரோ மறந்துவிட்டார்கள்" என்னும் வாக்கியத்தைக் காட்டிலும் "இரவு எட்டு மணி மாத்திரை மூன்று நாள் விடுபட்டுள்ளது" என்னும் வாக்கியம் எங்களுக்குப் பன்மடங்கு பயன்படும்.

*மூன்றாவது, உரியவரிடம் சொல்லுதல்.* விடுபட்ட மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டாகப் போடுவது பல மருந்துகளில் ஆபத்தானது. மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபின் செயல்படுங்கள். அடுத்த முறை வரும்போது விடுபட்டவற்றைத் தயங்காமல் கூறுங்கள்.

*நான்காவது, ஏற்பாட்டை மாற்றுதல்.* "இனிமேல் கவனமாக இருங்கள்" என்பது அறிவுரை. அது சில நாளில் மறந்துபோகும். ஏற்பாடு நிலைத்து நிற்கும். மாத்திரை விடுபடுகிறது எனில், கிழமைவாரியாகக் காலை, மதியம், இரவு என அறைகள் பிரித்த மாத்திரைப் பெட்டியை வாங்கி வாரம் ஒருமுறை நிரப்பலாம். இன்சுலின் போட்டபின் உணவு தாமதமாகிறது எனில், உணவு தட்டில் வைக்கப்பட்டதைப் பார்த்த பிறகே ஊசியை எடுப்பது என்று வழக்கப்படுத்தலாம். இரவில் கழிப்பறை செல்லும்போது விழுந்தவர் எனில், வழியில் ஒரு சிறு விளக்கும் சுவரில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் போதிய மாற்றங்களாக அமையும். ஒரே பெயர்போல் ஒலிக்கும் இரண்டு மாத்திரைகள் குழப்பம் தருகின்றன எனில், அட்டைகளின் மேல் "சர்க்கரை", "அழுத்தம்" எனப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம்.

ஆக்கபூர்வம் என்பது எது?

இங்கு ஒரு தெளிவு தேவை. நல்லதையே நினைக்க வேண்டும் என்பதற்காக, "ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறி நிகழ்வைக் கடந்துவிடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியுள்ளது என்றோ, சிறுநீரகச் செயல்பாடு குறைந்துள்ளது என்றோ அறிக்கை கூறும்போது, அதை நோயாளியிடமிருந்து மறைக்கப் பல குடும்பங்கள் அன்பின் காரணமாக முயல்கின்றன. வீட்டாரின் தாழ்ந்த குரலையும் மூடிய கதவையும் நோயாளி அறியாமல் இருப்பதில்லை. அறிந்தும் கேட்க இயலாத தனிமை அவரை மேலும் வாட்டுகிறது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் கேட்டறிந்து, அந்த அளவுக்கு உண்மையைக் கூறி, அதனுடன் அடுத்த படியையும் சேர்த்துச் சொல்வதே உகந்தது. "குறைந்துள்ளது, வரும் திங்கள்கிழமை மருத்துவரிடம் பேசப்போகிறோம், நானும் வருகிறேன்" என்ற மூன்று சிறு வாக்கியங்களில் உண்மையும் வழியும் துணையும் அடங்கியுள்ளன.

பழியைத் தவிர்ப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதும் ஆகாது. யார் எந்த வேலையைச் செய்வது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரே தவறு மும்முறை நிகழ்ந்தால், அந்த வேலையை வேறொருவரிடம் மாற்றித் தருவது தகும். மறதி முதியவரிடம் புதிதாகவும் அடிக்கடியும் தென்பட்டால், அதை அலட்சியம் என்று கருதாமல் எங்களிடம் தெரிவியுங்கள். அது தனியே ஆராய வேண்டிய அறிகுறியாகவும் இருக்கலாம்.

பராமரிப்பவருக்கும் ஒரு சொல்

தவறு நேர்ந்த பின் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் பிறரைக் காட்டிலும் தம்மையே மிகுதியாகக் குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். "நான் அன்று அருகில் இருந்திருந்தால்" என்னும் எண்ணம் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டவரிடம் அடுத்த தவறு எளிதாக நேர்கிறது. ஒருவரே இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் வீட்டில், வாரத்தில் ஓர் இரவேனும் மற்றொருவர் பொறுப்பேற்பது நோயாளியின் பாதுகாப்புக்கு உரிய ஏற்பாடே ஆகும். பிறருக்குக் காட்டும் பொறுமையில் ஒரு பகுதியை நீங்கள் உங்களுக்கும் காட்ட வேண்டும்.

இவ்வளவும் மருத்துவமனைக்கும் பொருந்தும். வார்டில் கொடுக்கப்படும் மாத்திரையின் நிறம் மாறியிருந்தால், ஒவ்வாமை குறித்து முன்பே கூறியிருந்தும் யாரும் கேட்கவில்லை எனில், ஐயத்தை உடனே எழுப்புங்கள். கேள்வி கேட்கும் குடும்பத்தினரை நாங்கள் தொல்லையாகக் கருதுவதில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் இன்னொரு காவலாகவே கருதுகிறோம்.

இந்த வாரம் குடும்பத்தினர் அனைவரும் பத்து நிமிடம் ஒன்றாக அமருங்கள். கடந்த ஒரு மாதத்தில் பராமரிப்பில் எது தவறியது என்பதை ஒவ்வொருவரும் ஒன்றேனும் கூறட்டும், நோயாளியும் கூறட்டும். எவரும் கடிந்துகொள்ள வேண்டாம். கூறப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்கான ஏற்பாட்டை மாற்றுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த சந்திப்பின்போது எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.